மைக்கு அடியில்

அந்தப் புழுவுக்குத் தலை எது, வால் எது என்று கண்டுபிடிக்க அவளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தது. கண்டுபிடித்தது தவறோ என்று சந்தேகம் வர ஒரு நொடிதான் ஆனது.

செவ்வாய்க்கிழமை காலை. அருங்காட்சியகத்தின் பின்பக்க அறையில் புது நுண்ணோக்கி வந்து நான்கு நாள் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை கல்லைப் பெட்டியில் கட்டி அனுப்ப வேண்டும். புதைபடிவப் புழுக்களில் பழம் தின்று கொட்டை போட்ட நிபுணர் ஒருவர் நேரில் பார்க்கக் கேட்டிருந்தார். அனுப்புவதற்கு முன் நல்லதாக ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்றுதான் அவள் கல்லை எடுத்து லென்சுக்கு அடியில் வைத்தாள். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தாள்.

கல் என்றால் வெறும் கல் இல்லை. உருளைக்கிழங்கு அளவில், அதே நிறத்தில் ஓர் உருண்டை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேற்றில் செத்து விழுந்த ஏதோ ஒன்று, அழுகி முடிப்பதற்குள் அதைச் சுற்றிச் சேறு இறுகிக் கல்லாகிவிட்டது. பிளந்தால்தான் உள்ளே என்ன என்று தெரியும். பத்தில் ஒன்பதில் ஒன்றும் இருக்காது. பத்தாவதில் ஏதோ இருக்கும். அந்த ஏதோ என்னவென்று சொல்வதுதான் அவளுக்குச் சம்பளம் தரும் வேலை.

இலை வந்தால் சொல்லிவிடலாம். இறால் வந்தால் சொல்லிவிடலாம். புழு வந்தால்தான் வம்பு. எலும்பும் கிடையாது, ஓடும் கிடையாது. கல்லின் மேல் வெளிறிய ஒரு கறை நெளிந்து கிடக்கும். அது புழுவாக இருக்கலாம், செடித் தண்டாக இருக்கலாம், மீனின் குடலாக இருக்கலாம், அந்தக் குடலிலிருந்து வெளியே வந்ததாகவும் இருக்கலாம். அறையின் மூலையில் நான்கு இழுப்பறைகள் முழுக்க இந்த மாதிரிக் கறைகள்தான். 'புழு போன்றவை' என்று எழுதி ஒட்டியிருந்தது. உள்ளே போன எதுவும் திரும்பி வந்ததில்லை. சக ஊழியர்கள் அதை அநாதை இல்லம் என்பார்கள்.

தாடை மட்டும் கிடைத்துவிட்டால் பேச்சே இல்லை. சில புழுக்களுக்கு வாய்க்குள் கறுத்த தாடை உண்டு. உடம்பு கறையாகிப் போனாலும் தாடை கரியாக நிற்கும். அதன் வடிவத்தை வைத்து எந்தக் குடும்பம், எந்த வகை என்று அடித்துச் சொல்லலாம்.

இந்தப் புழுவுக்குத் தாடை இருந்தது. ஒரு நுனியில் நான்கு கறுப்புக் கொக்கிகள், இரண்டிரண்டாக, கடுகைவிடச் சிறியவை. அதுவரை யாரும் பார்க்காத வடிவம். மூன்று வருடம் முன்பு அவள்தான் கட்டுரை எழுதினாள், துறைத் தலைவியும் அதில் கையெழுத்துப் போட்டார், பெயர் பதிவானது. 'பளுதூக்கியின் கொக்கி' என்று பொருள் வரும் பெயர். கல்லைக் கண்டெடுத்தவர் கிரேன் ஓட்டிய மனிதர். முப்பது வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவர். அவளுடைய அப்பா.

பக்கவாட்டு வெளிச்சத்தில் இரண்டாவது கொக்கியின் ஓரமாக ஒரு விரிசல் தெரிந்தது. முடியைவிட மெல்லியது. கல் பிளந்து காய்ந்தபோது விட்ட விரிசல். கொக்கி அதைத் தாண்டிப் போயிருந்தது. தாண்டியதோடு இல்லை, கறுப்பு அந்த விரிசலுக்குள் இறங்கிக் கொஞ்ச தூரம் ஓடியிருந்தது.

கரியாகிப் போன தாடை விரிசலில் உடையும். ஓடாது. மைதான் ஓடும்.

அவள் லென்சிலிருந்து கண்ணை எடுத்தாள். கைகழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கையைக் கழுவாமல் நின்றாள். பிறகு மறுபடி வந்து பார்த்தாள். மறுபடியும் மைதான்.

*

வீட்டில் அப்பா ஃப்ரீசரிலிருந்து வாளியை இறக்கிக்கொண்டிருந்தார். உருண்டைகளைச் சுத்தியலால் அடித்தால் கண்ட இடத்தில் உடையும். அதனால் தண்ணீரில் ஊறவைத்து, உறையவைத்து, வெளியே வைத்து உருகவிட்டு, மறுபடி உறையவைக்க வேண்டும். பத்துப் பதினைந்து முறை செய்தால் கல் தானாக வாயைத் திறக்கும். அப்பாவின் பொறுமைக்கு ஏற்ற வேலை. அம்மாவின் பொறுமைக்கு ஏற்றதல்ல.

"வந்துட்டியா, வா. உங்கப்பாவுக்கு ஒரு முடிவு சொல்லு" என்றாள் அம்மா. "மீன் வைக்க இடமில்ல, பட்டாணி வைக்க இடமில்ல. வீட்டுக்கு வந்தவங்க ஐஸ் கேட்டா டம்ளர்ல கல்லைப் போட்டா குடுக்க முடியும்?"

"போட்டுக் குடு. கரையவே கரையாது" என்றார் அப்பா.

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல."

அவள் செருப்பைக் கழற்றாமலே நின்றாள். எப்படிக் கேட்பது என்று பேருந்தில் வரும்போது ஆறேழு விதமாக ஒத்திகை பார்த்திருந்தாள். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

"அப்பா, கொக்கி கல்லுல நீங்க ஏதாவது பண்ணீங்களா?"

"என்ன பண்ணப் போறேன்? திறந்துச்சு, குடுத்தேன்."

"மை கிய் ஏதாவது..."

"ஓ, அதுவா? ஆமா, லேசா." வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார். "கல்லுல நம்பர் போடுவேன்ல, அந்தப் பேனாவாலதான். நீ அப்போ ராப்பகலா லென்சைக் கட்டிக்கிட்டு அழுதுட்டு இருந்த. கண்ணு வலிக்குது, ஒண்ணும் தெரியலைன்னு சொன்ன. இந்தக் கல்லு திறந்தப்போ அந்த முனையில மங்கலா என்னவோ இருந்துச்சு. உனக்குப் பளிச்சுன்னு தெரியட்டுமேன்னு தெரிஞ்ச கோட்டு மேலயே கோடு இழுத்தேன். பிசிறு இல்லாம இழுத்திருக்கேன்ல?"

"ஏம்ப்பா என்கிட்ட சொல்லல?"

"சொல்றதுக்கு என்ன இருக்கு? கண்ணாடியைத் துடைச்சுக் குடுத்தா சொல்லிட்டா குடுப்பாங்க?"

அவருடைய முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டுவதற்கு வாகாக ஒரு பொய்யாவது அவர் சொல்லியிருக்கலாம்.

"அதுல ஏதாச்சும் தப்பாயிருச்சா பாப்பா?"

"தெரியலப்பா" என்றாள். அது உண்மை.

*

துறைத் தலைவிக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. கழுத்தில் எந்நேரமும் ஒரு லென்சு தொங்கும், சாப்பாட்டுத் தட்டைக்கூட அதை வைத்துப் பார்ப்பார் என்று ஒரு பேச்சு உண்டு. மறுநாள் காலை அவர் பகடிக்கு இடம் கொடுக்காத முகத்தோடு நுண்ணோக்கியில் குனிந்திருந்தார்.

"மைதான்" என்றார். "அடியில இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒண்ணைத் துடைச்சுப் பாத்துரலாமா?"

"பண்ணலாம் மேடம்."

"நீயே பண்ணு. கல்லு உனக்குத்தான் பழக்கம்."

முனை ஈரமான பஞ்சுக் குச்சியை விரிசல் பக்கமிருந்த கொக்கியின் மேல் வைத்து, தேய்க்காமல், ஒற்றி ஒற்றி எடுத்தாள். பஞ்சு கறுத்தது. இன்னொரு குச்சி. அதுவும் கறுத்தது. மூன்றாவதில் சாம்பல் நிறம். நான்காவது சுத்தமாக வந்தது.

கொக்கி இருந்த இடத்தில் வெறும் கல் இருந்தது. குழி இல்லை, தடம் இல்லை, எதுவும் இல்லை.

அறைக்கு வெளியே யாரோ தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அப்போ முதல்லயே இல்ல" என்றார் தலைவி.

"இல்ல, மேடம்... மையோட சேந்து வந்திருக்கலாம். தாடையோட கரிப் படலம் தூசியைவிட மெல்லிசு. மை போட்டா அதோட ஒட்டிக்கும், துடைச்சா அதோட வந்துரும்."

"பஞ்சைச் சோதனைக்கு அனுப்பினா?"

"அந்தப் பேனாவுல இருக்கறது கரி மை. தாடையும் கரிதான்."

"மறுபாதி?"

பிளந்த உருண்டைக்கு இரண்டு பாதி உண்டு. ஒன்றில் இருப்பதன் அச்சு மற்றதில் இருக்கும். ஆனால் இந்தக் கல்லின் மறுபாதி ஃப்ரீசரிலிருந்து வந்தபோதே தலைப்பக்கம் பொடிப்பொடியாகப் போயிருந்தது. தலைவிக்கும் அது தெரியும். தெரிந்தும் கேட்டார்.

அப்பா உருண்டைகளைப் பொறுக்கிய சுரங்கக் கழிவு மேட்டிலிருந்து இதே போன்ற கறைகள் பதினொன்று கிடைத்திருந்தன. ஒன்றிலும் தலை இல்லை. இனித் தேடவும் முடியாது. மேட்டைச் சமப்படுத்திக் கிடங்கு கட்டிவிட்டார்கள். மிச்சமிருந்த உருண்டைகள் அப்பாவின் வாளிகளில்தான் இருந்தன.

"இன்னும் மூணு கொக்கி இருக்கு" என்றார் தலைவி.

"துடைச்சா மூணும் போயிரும். துடைக்கலன்னா மூணும் மைதான்."

தலைவி லென்சுக் கயிற்றை விரலில் சுற்றினார், அவிழ்த்தார். அவருடைய கையெழுத்தும் அந்தக் கட்டுரையில் இருந்தது.

"நான் எதையும் மறைக்கச் சொல்லல. அதை முதல்ல சொல்லிடறேன்" என்றார். "ஆனா மை படறதுக்கு முன்னாடி அந்தக் கல்லைப் பாத்தது உலகத்துலயே ஒரே ஒரு ஆள். உங்கப்பா. அவர் என்ன பாத்தாரோ அதை வரையட்டும். இத்தனை கொக்கி, இந்த வடிவம்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். அதையும் சேத்து அனுப்புவோம். நிபுணர் அதை ஏத்துக்கிட்டா பேர் நிக்கும். கண்ணால பாத்த சாட்சி இருக்கில்ல?"

அவள் தலையசைத்தாள். மூழ்குகிறவளுக்குக் கையில் ஒரு கயிறு தட்டுப்பட்டது போலத்தான் இருந்தது. அந்தக் கயிற்றின் மறுமுனை அப்பாவின் கையில் இருந்தது.

*

புதன்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தைக் கழற்றினாள். கட்டுரையில் வந்த படம் அது. புழுவும், பக்கத்தில் பெரிதாக்கிய நான்கு கொக்கிகளும். அவள் கையால் வரைந்தது. அப்பாதான் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தார். வருகிறவர் போகிறவர் எல்லாரையும் அதன் முன்னால் நிறுத்தி, "நம்ம கொக்கி" என்று அறிமுகம் செய்வார். தெருவில் அவருக்குப் புழு மாமா என்று பெயரே விழுந்துவிட்டது. அதில் அவருக்கு ஒரு குறையும் இல்லை.

"அதை எதுக்கு எடுக்குற?" என்றாள் அம்மா.

"அப்பா பாக்காம வரையணும்மா."

"மூணு வருஷமா சோத்தை அதுக்கு எதிர்லதான் உக்காந்து சாப்பிடறாரு. இப்போ எடுத்து என்ன புண்ணியம்?"

அவள் சட்டத்தை அலமாரிக்குப் பின்னால் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.

அப்பாவைச் சாப்பாட்டு மேசையில் உட்காரவைத்து வெள்ளைத்தாளும் பென்சிலும் கொடுத்தாள். ஒரு வார்த்தைகூட அவருக்கு எடுத்துக் கொடுத்துவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தாள்.

"கல்லு திறந்த அன்னிக்கு, பேனா வைக்கறதுக்கு முன்னாடி, நீங்க பாத்தது மட்டும் போதும்ப்பா. நல்லா யோசிங்க. ஞாபகம் இல்லன்னா ஞாபகம் இல்லன்னு எழுதினாலே போதும்."

"ஞாபகம் இல்லையா? யாரைப் பாத்து என்ன கேக்குற?" அப்பா கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டார். "அன்னிக்கு என்ன சட்டை போட்டிருந்தேன்னு வேணாலும் சொல்றேன்."

"சட்டை எல்லாம் வேணாம். கல்லு போதும்."

"இதனால உனக்கு நல்லது நடக்குமா?"

"நடக்கலாம்."

"அப்போ தள்ளி உக்காரு. வெளிச்சம் மறைக்குது."

அவர் வரைய ஆரம்பித்தார். கை உறுதியாக இருந்தது. ஒரு தடவைகூட அழிக்கவில்லை. உடம்பின் நெளிவு வந்தது. முனை வந்தது. முதல் கொக்கி, இரண்டாவது. நூறடி உயரத்திலிருந்து கீழே தொங்கும் கொக்கியை ஆயுள் முழுக்கப் பார்த்த மனிதருக்கு, வளைவு எப்படி வரும் என்பது விரலிலேயே இருந்தது. மங்கலாக எதைப் பார்த்தாலும் அவருக்குக் கொக்கியாகத்தானே தெரிந்திருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

மூன்றாவது கொக்கியை முடித்துவிட்டு அப்பா பென்சிலை நிறுத்தினார். நாக்கைக் கடித்துக்கொண்டு, கொக்கியின் உள்பக்கத்தில், நுனியை ஒட்டி, எறும்பின் கால் போல ஒரு சின்ன முள்ளை வைத்தார்.

"இது முக்கியம். எழுதிக்கோ" என்றார். "மூணாவதுக்கு மட்டும் உள்ளுக்குள்ள ஒரு முள்ளு. முதல் நாளே நான் கவனிச்சது."

கல்லில் அந்த முள் கிடையாது. என்றைக்குமே கிடையாது. மூன்று வருடம் முன்பு, கட்டுரைக்குப் படம் வரைந்துகொண்டிருந்தபோது அவளுடைய பேனா வழுக்கியது. மூன்றாவது கொக்கியில் ஒரு சிறு கீறல் விழுந்தது. அச்சாகி வந்த பிறகுதான் பார்த்தாள். கடுகளவு பிழை, யாரும் கேட்கவில்லை, அடுத்த கட்டுரையில் சரிசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். அது அவளுக்கு மட்டும் தெரியும்.

அப்பா கல்லை வரையவில்லை. சுவரில் மாட்டியிருந்ததை வரைந்துகொண்டிருந்தார். அதுதான் கல் என்று மனதார நம்பிக்கொண்டிருந்தார். கல் திறந்த அன்று அவர் பார்த்த மங்கல், அது எதுவாக இருந்தாலும், அவள் வரைந்த படத்துக்கு அடியில் போய்விட்டது. அதை ஒற்றி எடுக்க எந்தப் பஞ்சும் இல்லை.

நான்காவதும் வந்தது. அப்பா கீழே தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். சம்பளப் பதிவேட்டில் போடுவது போல, இரண்டு கோடும் இழுத்து.

"சரியா இருக்கா பாப்பா?"

"நல்லா வரைஞ்சிருக்கீங்கப்பா."

"அப்படியே இருக்கா?"

"அப்படியே இருக்குப்பா."

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏண்டி, மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப் போச்சு?"

"பசிக்குதும்மா."

*

வியாழக்கிழமை முழுக்க அந்தத் தாள் அவளுடைய மேசையில் கிடந்தது. தலைவி வந்து லென்சை வைத்துப் பார்த்தார்.

"அப்பாவுக்கு நல்ல ஞாபகசக்தி. இந்த முள் வரைக்கும் போட்டிருக்காரே! இது போதும். அனுப்பிரு" என்றார். குரலில் அத்தனை நிம்மதி.

அனுப்பினால் பேர் நிற்கும். அவள் வாயைத் திறக்காவிட்டால் போதும். வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்குப் புதிதும் இல்லை. சிறுவயதிலிருந்தே அவளிடம் எல்லாரும் குறையாகச் சொன்ன குணம் அது ஒன்றுதான்.

மதியம் வரை உட்கார்ந்திருந்தாள். அந்தப் புழு யாருக்கு என்ன கெடுதல் செய்யும்? செத்துப் பல கோடி ஆண்டு ஆகிறது. அப்பா சட்டம் போட்டு மாட்டிய பெயர் அதற்கு இருந்துவிட்டுப் போகட்டுமே. இப்படியும் நினைத்துப் பார்த்தாள். ஆனால் நாளை வேறு எங்கோ ஒருத்தி, தன் கல்லில் மூன்றாவது கொக்கியில் முள்ளைத் தேடிக்கொண்டு கண் வலிக்க உட்கார்ந்திருப்பாள். இல்லாததைத் தேடுவது எப்படிப்பட்ட வேலை என்று இவளுக்குத் தெரியும்.

மூன்று மணிக்குத் தலைவியின் அறைக்குப் போய் அந்த முள்ளைப் பற்றிச் சொன்னாள். தலைவி லென்சைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதை நீ என்கிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "சரி. எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்."

கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடிந்தது. மை, விரிசல், துடைத்த ஒரு கொக்கி, துடைக்காத மூன்று. அப்பாவின் படத்தையும் உள்ளே வைத்தாள். அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்றும், காரணம் இன்னது என்றும் தனியாக ஒரு பத்தி எழுதினாள். அந்தப் பத்திக்குத்தான் அதிக நேரம் பிடித்தது.

அன்று வீட்டுக்குப் போனதும் அப்பா கேட்டார்: "என் படத்தை அனுப்பிட்டியா?"

"உள்ள வச்சுட்டேன்ப்பா. நாளைக்குக் கல்லோட போகுது."

அதில் பொய் எதுவும் இல்லை.

*

பதில் வர ஆறு வாரம் ஆனது. அப்பா நாள் தவறாமல் விசாரித்தார். வாளிகளை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார். இரண்டு உருண்டை வாயைத் திறந்தன. ஒன்றில் ஒன்றும் இல்லை. ஒன்றில் வால் மட்டும். வால்தானா என்பதும் இப்போது உறுதியில்லை.

நிபுணர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். உங்கள் நேர்மையைப் பாராட்டுகிறேன் என்று ஒரு வரி. தாடை இருந்தது என்பதற்கும் ஆதாரம் இல்லை, இல்லை என்பதற்கும் ஆதாரம் இல்லை, ஆகவே அந்தப் பெயரை இனிப் பயன்படுத்தாமல் விடுவதே முறை என்று நான்கு வரி. அவள் திரும்பி வந்த கல்லைப் பெட்டியிலிருந்து எடுத்தாள். பழைய சீட்டை உரித்துவிட்டுப் புதுச் சீட்டு எழுதி, மூலையிலிருந்த இழுப்பறையில் வைத்து மூடினாள். இடம் நெருக்கமாக இருந்தது. மற்றக் கறைகளைக் கொஞ்சம் நகர்த்த வேண்டியிருந்தது.

வீட்டில் அப்பா மேசையில் அவளுக்காகக் காத்திருந்தார். அம்மாவிடம் தொலைபேசியில் முதலிலேயே சொல்லியிருந்தாள். அம்மா வாயில் எது நின்றது?

"பதில் வந்துச்சாமே. என்ன சொல்றாரு பெரிய மனுஷன்?"

"பேரு நிக்காதாம்ப்பா. எந்தப் புழுன்னு சொல்ல முடியாதாம்."

"என் படத்தைப் பாத்தாரா?"

"பாத்தாரு."

"பாத்துட்டுமா?"

அவள் தண்ணீர் ஊற்றிக் குடித்தாள்.

"அப்போ நம்பல" என்றார் அப்பா. "நான் கண்ணால பாத்து, வரைஞ்சு, கையெழுத்துப் போட்டுக் குடுத்தும் நம்பல. முப்பது வருஷம் மேல உக்காந்து கீழ இருக்கற கொக்கியை இம்மி பிசகாம இறக்கினவன் நான். ஒருத்தன் தலையில ஒரு தூசி விழுந்தது கிடையாது. உள்ளங்கையில இருக்கற கல்லையா தப்பாப் பாப்பேன்? அந்த முள்ளைக்கூட விடாம போட்டுக் குடுத்தேனே! அதையாவது பாத்தாரா அந்த ஆளு?"

"அவரு மேல தப்பில்லப்பா."

"நீ எதுக்கு அவருக்கு வக்காலத்து வாங்குற? உன் பேரையும் சேத்துல்ல அழிச்சிருக்காரு! நீ எட்டு மாசம் கண்ணு அவிஞ்சு உக்காந்தியே, அதை அவரு பாத்தாரா?"

"அவகிட்ட எதுக்குக் கத்துறீங்க?" என்றாள் அம்மா.

"அவகிட்ட கத்தலடி. அவளுக்காகக் கத்துறேன்."

அவள் அவருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவர் நிபுணரை ஏசி முடிக்கும் வரை, ஒவ்வொன்றுக்கும், ஆமாம்ப்பா, ஆமாம்ப்பா என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.